எட்வின் பட்லரும் துவரை வாடலும்

தேசத்தின் க்ஷேமம் மண்ணில் இருக்கிறது என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் அந்த மண்ணில் குடியிருப்பவை எவை என்று அறிந்துகொள்ள நம்மில் எத்தனை பேர் சிரத்தை கொள்கிறோம்? ஒரு பிடி வயல் மண்ணை அள்ளினால் அதில் கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுட் சில செடியின் வேருக்கு உணவு சேகரித்துக் கொடுக்கின்றன. சில உதிர்ந்த சருகையும் தாளையும் மக்கவைத்து எருவாக்குகின்றன. மிகச் சில மாத்திரம் உயிருள்ள பயிரைக் கொல்கின்றன. இவற்றில் நண்பன் யார், பகைவன் யார் என்று பிரித்துச் சொல்பவன், வாய்க்கால் வெட்டி நீர் கொணர்பவனுக்கு எவ்விதத்திலும் குறைந்தவன் அல்லன். இந்தத் தொண்டை நமது நாட்டில் முறையாகத் தொடங்கிவைத்தவர் எட்வின் ஜான் பட்லர். அவர் அந்நிய சர்க்காரின் சம்பளம் பெற்றவர். பின்னர் ஸர் பட்டமும் பெற்றவர். அப்படிப்பட்டவருடைய சரித்திரத்தை இந்தப் பத்தியில் எழுதுவானேன் என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். முழுவதும் படித்த பிறகு அவர்களே விடை சொல்லிக்கொள்ளட்டும்.

பட்லர் பிறந்தது இங்கிலாந்தில் அன்று. அயர்லாந்தின் மேற்குக் கரையிலே க்ளேர் ஜில்லாவில் உள்ள கில்கீ என்னும் ஊரில் 1874-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி அவர் பிறந்தார். அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது வருஷங்களுக்கு முன், 1845-ல், அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் புகுந்தது. தழை கருகிற்று, கிழங்கு பூமிக்குள்ளேயே அழுகிற்று. தொடர்ந்து வந்த பஞ்சத்திலும் ஜுரத்திலும் சுமார் 10 லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். மேலும் 10 லட்சத்துக்குக் குறையாதவர்கள் கப்பலேறி நாட்டை விட்டுப் போனார்கள். க்ளேர் ஜில்லா மிகக் கொடுமையாக அடிபட்ட பிரதேசங்களுள் ஒன்று. ஜனங்கள் பட்டினியால் செத்த அதே வருஷங்களில் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. கிழங்கைக் கொன்றது நோய். ஜனங்களைக் கொன்றதில் ஆட்சிக்கும் பெரும்பங்கு உண்டு. அந்நிய ஆட்சியில் பஞ்சம் கண்ட நமக்கு இது விளங்காத செய்தி அல்ல.

அந்தப் பஞ்சத்தோடு வித்வான்களிடையே ஒரு வாதமும் எழுந்தது. அழுகிய செடியின்மேல் ஒரு பூசணம் காணப்பட்டது. அந்தப் பூசணந்தான் அழுகலை உண்டாக்கிற்று என்றனர் ஒரு சிலர். செடி முதலில் குளிராலும் ஈரத்தாலும் அழுகிற்று, அழுகிய பிறகே பூசணம் வந்து படர்ந்தது என்றனர் பெரும்பாலோர். ஜெர்மானிய தாவர சாஸ்திரியான டி பாரி 1861-ல் சோதனை செய்து, பூசணமே கொலையாளி என்று நிரூபித்தார். பிறகு 1876-ல் அந்த இனத்துக்கு ஃபைட்டாஃப்தோரா என்று பெயரிட்டார். செடிகளை அழிப்பது என்பது அதன் பொருள். பிணத்தருகே காணப்படுவது கொன்றவனா, அல்லது பிணத்தைத் தின்ன வந்தவனா என்னும் இந்தக் கேள்வியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்லருடைய வாழ்நாளின் தலைசிறந்த வேலை இதே கேள்வியைப் பற்றியதுதான்.

பட்லர் முதலில் வைத்தியம் படித்தார். கார்க் நகரத்துக் குயீன்ஸ் கலாசாலையில் பயின்று 1898-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கே பிராணி, தாவர சாஸ்திரங்களைப் போதித்த பேராசிரியர் மார்க்கஸ் ஹார்ட்டாக், நீரிலும் ஈரமண்ணிலும் வாழும் பூசணங்களில் ஈடுபாடு உடையவர். ஆசிரியரின் ஆசை மாணவரைப் பற்றிக்கொண்டது. நோயாளிகளின் நாடி பார்க்க வேண்டியவர் பித்தியம் என்னும் நுண்ணிய பூசண இனத்தை ஆராயப் புகுந்தார். பாரீஸ், ஜெர்மனியில் ஃப்ரைபர்க், லண்டனை அடுத்த கியூ ஆகிய இடங்களில் சில காலம் பயின்றார். 1901-ல் இந்திய சர்க்காரின் பூசண சாஸ்திர உத்தியோகஸ்தராக நியமனம் பெற்றுக் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள ஷிப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பதவியை வகித்தவர்களில் அவரே முதல்வர். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அக்காலத்தில் இந்நாட்டுப் பூசணங்களைப் பற்றிய அறிவு எப்படியிருந்தது என்று சொல்லவேண்டும். ராணுவ வைத்தியர்களும் வேறு உத்தியோகஸ்தர்களும் தங்கள் ஓய்வு நேரத்தில் மாதிரிகளைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள். அங்கே நமது வயலையும் கண்டிராத, மழையையும் கண்டிராத வித்வான் ஒருவர் அதன் வடிவத்தைப் பார்த்துப் பெயரிடுவார். உலர்ந்த மாதிரி வடிவத்தைச் சொல்லும். அது உயிரோடு இருந்தபோது செய்த காரியத்தைச் சொல்லாது. இந்த நாட்டிலேயே பயிர் நோய்களை ஆராய்ந்த இரண்டொருவர் முன்னரும் இருந்தார்கள். எனினும் அதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஸ்தாபனம் இல்லை. பட்லர் 1902-ல் டேராடூனுக்கு மாற்றப்பட்டார். 1905-ல் பீகாரில் தர்பங்கா ஜில்லாவைச் சேர்ந்த பூஸா என்னும் கிராமத்தில் விவசாய ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டபோது அங்கே போய்ச் சேர்ந்தார். அமெரிக்கச் செல்வரான ஹென்றி ஃபிப்ஸ் அளித்த 30,000 பவுன் நன்கொடையே அந்தக் கழகத்துக்கு வித்து. வங்காளத்தைத் துண்டாடிய கர்ஸன் பிரபு அதே வருஷத்தில் இக்கழகத்துக்கும் அஸ்திவாரம் இட்டார் என்பது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று.

பூஸாவைச் சுற்றியுள்ள வயல்களில் பட்லர் கண்ட நோய்களுள் ஒன்று துவரை வாடல். 1906-ல் அவர் அதை முதன்முதலாகப் பதிவு செய்தார். துவரை நம் ஏழை ஜனங்களின் புஷ்டி. அதன் வாழ்நாள் நீண்டது. பல மாதங்கள் காத்திருந்து, பூவும் பிஞ்சும் காணும் தருணத்தில் செடி திடீரென்று தலை சாயும். இலைகள் மஞ்சளித்துத் தொங்கும். தண்ணீர் இல்லாமல் வாடுகிறது என்று நினைத்து மண்ணைத் தோண்டிப் பார்த்தால் ஈரம் இருக்கும். அடித்தண்டிலிருந்து மேல்நோக்கி ஊதா நிறத்தில் ஒரு பட்டை ஓடியிருக்கும். தண்டைப் பிளந்தால் உள்ளே நீரேறும் குழாய்கள் கருத்துக் கிடக்கும். வயலில் முதலில் ஒரு திட்டு, மறுவருஷம் அதைவிடப் பெரிய திட்டு என்று பரவிக்கொண்டே போகும். ஆறு மாத உழைப்பைப் போட்டுவிட்டு அறுவடை நெருங்குங்கால் கைவிரித்து நிற்கும் குடியானவனுக்கு இது என்ன நஷ்டம் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இந்த நோய்க்குக் காரணம் யாது? பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அமெரிக்க சர்க்காரின் விவசாய இலாகாவில் புகழ்பெற்று விளங்கிய எர்வின் ஸ்மித் என்பவர், பருத்தி, தர்ப்பூசணி, தட்டைப்பயறு ஆகியவற்றில் வரும் வாடல் நோயை ஆராய்ந்து 1899-ல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். வாடிய செடியின் குழாய்களுக்குள் பிறைவடிவ வித்துக்களை உடைய ஃபுஸேரியம் என்னும் பூசணம் இருந்தது. செத்த வேர்களின்மேல் கடுகிலும் சிறிய செந்நிற மணிகளைப் போன்ற மற்றொரு பூசணம் இருந்தது. அதற்கு அவர் நியோகாஸ்மோஸ்போரா என்று பெயர் வைத்தார். இவை இரண்டும் வேறல்ல, ஒரே உயிரின் இரண்டு பருவங்களே என்பது அவருடைய தீர்ப்பு. பீகாரின் துவரை வயல்களிலும் வாடிய செடிகளில் ஃபுஸேரியம் இருந்தது. செத்த வேர்களில் செந்நிற மணிகளும் இருந்தன. அமெரிக்காவில் எழுதிய தீர்ப்பை அப்படியே பெயர்த்தெழுதிவிட்டு அடுத்த காரியத்துக்குப் போயிருந்தால் பட்லரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. குற்றம் நடந்த இடத்தில் காணப்பட்டவன் எல்லாம் குற்றவாளி ஆகான் என்பது நியாயஸ்தலங்கள் அறிந்த விதி. இருவர் ஒரே இடத்தில் பிடிபட்டார்கள் என்பதனாலேயே இருவரும் ஒருவரே என்று சாதிக்கவும் முடியாது. பட்லர் இரண்டு பூசணங்களையும் தனித்தனியே பிரித்தெடுத்து, வேறெந்த உயிரும் கலவாத ஊட்டத்தில் வளர்த்தார். ஒன்றின் வித்திலிருந்து மற்றொன்று பிறக்கிறதா என்று பார்த்தார், பிறக்கவில்லை. ஆரோக்கியமான துவரைச் செடிகளுக்கு ஃபுஸேரியத்தைக் கொடுத்தார். அது வேரின் வழியே உள்ளே சென்று குழாய்களை அடைத்தது. செடிகள் வயலில் வாடுவது போலவே வாடின. நியோகாஸ்மோஸ்போராவைக் கொடுத்துப் பார்த்தார், செடிகள் வாடவில்லை. செந்நிற மணிகளை உடையது செத்த வேரைத் தின்று ஜீவிப்பது. கொலையில் அதற்குச் சம்பந்தமில்லை. உண்மையான கொலையாளி ஃபுஸேரியமே. அதுவரை சாஸ்திரத்தில் பெயர் பெறாதிருந்த அந்த இனத்துக்கு ஃபுஸேரியம் உடம் என்று பெயரிட்டு, 1910-ல் இந்திய விவசாய இலாகாவின் வெளியீடாக ஆராய்ச்சி முழுவதையும் பிரசுரித்தார். அமெரிக்காவிலும் விரைவில் வேறு ஆராய்ச்சியினால் இதே முடிவு ஏற்பட்டது.

பெயர் எதுவானால் குடியானவனுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறான எண்ணம். செத்த வேரைத் தின்னும் பூசணம் பல செடிகளின் வேர்களில் சாதாரணமாகக் காணப்படுவது. அதுவே கொலையாளியாக இருந்தால், பருத்தியின் வாடலும் துவரையின் வாடலும் ஒரே நோயாகும். பயிரை மாற்றி விதைப்பதால் பயன் சொற்பமாகும். ஃபுஸேரியம் உடம் துவரையைத் தேடிப் பிடிக்கும் இனம். அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் கட்டைகளிலும் வேர்களிலும் அது தங்கியிருந்து மறு விதைப்புக்குக் காத்திருக்கிறது. மூன்று வருஷம் வரையில் அவ்வாறு உயிரோடிருக்கும் என்று பின்வந்தோர் கண்டிருக்கிறார்கள். ஆகவே நோய்த்திட்டில் துவரையை விட்டுச் சில வருஷம் சோளம் போன்ற வேறு பயிர் விதைத்தால் பகைவன் பட்டினியால் மெலிகிறான். துவரையோடு சோளத்தைக் கலந்து விதைத்தாலும் வாடல் குறைகிறது. பெயர் சரியாக இருந்தால்தான் பரிகாரம் சரியாக இருக்கும்.

மற்றொரு பரிகாரத்தையும் பட்லர் சுட்டிக்காட்டினார். வாடிய திட்டின் நடுவிலும் ஒன்றிரண்டு செடிகள் பசுமையாக நிற்பதுண்டு. அவற்றின் விதையைப் பொறுக்கி, நோயுள்ள மண்ணிலேயே விதைத்து, மறுபடியும் தப்பியவற்றைப் பொறுக்கி வந்தால் நோயை எதிர்க்கும் ஜாதியை உண்டாக்கலாம் என்பது அந்த வழி. துவரையில் இவ்விதம் விதை பொறுக்குவதைப் பற்றி அவர் 1908-லேயே எழுதினார். மருந்து வாங்கப் பணமில்லாத குடியானவனுக்கு இதைவிட ஏற்ற உபாயம் வேறில்லை. அவ்வழி வீண்போகவில்லை. ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் உள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பால் 1986-ல் கர்நாடகத்தில் மாருதி என்னும் துவரை ஜாதி வெளியாயிற்று. வாடலைத் தாங்கும் அந்த ஜாதி வடகர்நாடகத்துத் துவரை வயல்களைக் காப்பாற்றிக் கொடுத்தது.

தமிழ் மக்களுக்கு நெருக்கமான ஒரு மரத்தின் வியாதியிலும் பட்லர் கை வைத்தார். அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த கோதாவரி, கிருஷ்ணா ஜில்லாக்களில் பனைமரங்கள் குருத்தழுகிச் செத்துக்கொண்டிருந்தன. பனைக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்று. அது அழுகினால் மரம் பிழைப்பதில்லை. பட்லர் அதற்குக் காரணமான உயிரைக் கண்டுபிடித்து, 1907-ல் தாம் இளமையில் பயின்ற பித்தியம் இனத்தோடு சேர்த்துப் பெயரிட்டார். நோய் கண்ட மரங்களின் தலையை வெட்டிக் கொளுத்தும் வேலையை சர்க்கார் மேற்கொண்டது. பிறகு மேலும் ஆராய்ந்ததில் அது பித்தியம் அன்று, ஃபைட்டாஃப்தோரா இனத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. 1919-ல் பட்லரே தாம் வைத்த பெயரைத் தாமே மாற்றினார். பிறருடைய தீர்ப்பைச் சோதித்தவர் தம்முடைய தீர்ப்பையும் சோதனைக்கு உட்படுத்தினார். அயர்லாந்தின் கிழங்கை அழித்த இனமும் கோதாவரியின் பனையை அழித்த இனமும் நெருங்கிய உறவினர் என்பது இதனால் வெளியாயிற்று.

பூஸாவில் அவர் தனியாக உழைக்கவில்லை. இந்திய உதவியாளர்கள் பலர் அங்கே பயிற்சி பெற்றார்கள். ஜெஹாங்கீர் தஸ்தூர் 1913-ல் ஆமணக்கைக் கெடுக்கும் ஒரு புதிய ஃபைட்டாஃப்தோராவை விவரித்துப் பெயரிட்டார். எல். எஸ். சுப்பிரமணியம் 1919-ல் இஞ்சி, புகையிலை, பப்பாளி ஆகியவற்றை அழுகச் செய்யும் மண்வாழ் பூசணம் ஒன்றை ஆராய்ந்து, அதற்குப் பித்தியம் பட்லரி என்று தமது தலைவரின் பெயரையே இட்டார். தலைமை ஆசனம் அதற்குப் பிறகும் வெகுகாலம் வெளிநாட்டாரிடமே இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாஸ்திரத்தின் பதிவேட்டில் இந்தியரின் பெயர் சுதந்திரத்துக்கு வெகுகாலம் முன்னரே ஏறிவிட்டது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. பட்லர் தொடங்கிய உலர்மாதிரிச் சேகரம் இன்றும் டில்லியில் இருக்கிறது. 1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரைக் குலுக்கிய பூகம்பத்தில் பூஸாக் கட்டிடம் பாழான பின், 1936-ல் கழகம் முழுவதும் டில்லிக்குக் குடிபெயர்ந்தது.

1918-ல் பட்லர் இந்தியப் பயிர்களின் பூசண நோய்களைப் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார். இங்கே ஏறத்தாழ இருபது வருஷம் உழைத்த பின், 1920-ல் கியூவில் ஏற்பட்ட பூசண ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவராகச் சென்றார். 1922 முதல் உலகெங்கும் நடக்கும் பயிர் நோய் ஆராய்ச்சிகளைத் திரட்டித் தரும் சஞ்சிகையை அங்கிருந்து நடத்தினார். 1926-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. 1931-ல் கை பிஸ்பி என்பவருடன் சேர்ந்து இந்தியப் பூசணங்களின் முழு ஜாபிதாவைத் தயாரித்து வெளியிட்டார். எந்தப் பூசணம் இந்நாட்டில் முன்பு பதிவாகியிருக்கிறது, எது புதியது என்று முடிவு செய்ய விரும்பிய ஒவ்வொருவருக்கும் அந்த ஜாபிதா வெகுகாலம் ஆதாரமாயிருந்தது. 1935-ல் கியூவிலிருந்து விலகி விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் காரியதரிசியானார். 1939-ல் ஸர் பட்டம் பெற்றார். 1943-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி காலமானார்.

அதே 1943-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் விளைந்தது. முந்திய வருஷம் அங்கே நெற்பயிரைப் பூசணத்தால் வரும் பழுப்புப்புள்ளி நோய் தாக்கியிருந்தது; புயலும் வெள்ளமும் வந்தன. யுத்தத்தை முதன்மையாகக் கருதிய சர்க்கார் ஜனங்களின் சோற்றை முதன்மையாகக் கருதவில்லை. 30 லட்சம் வரை ஜனங்கள் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பயிரின் பகைவன் இன்னான் என்று சாஸ்திரம் சொல்ல முடியும். அந்த அறிவைக் கொண்டு ஜனங்களைக் காப்பது அரசின் கடமை. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அயர்லாந்தும் வங்காளமும் சாக்ஷி.

பட்லர் எழுதியவை எல்லாம் அப்படியே நிற்கவில்லை. சுப்பிரமணியம் அவர் பெயரால் அழைத்த பித்தியம் வேறொரு இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பித்தியத்தையும் ஃபைட்டாஃப்தோராவையும் இன்றைய சாஸ்திரிகள் உண்மையான பூசணங்களாகவே கொள்வதில்லை. கடற்பாசிகளுள் பழுப்பு வகைக்கு உறவினராக வைக்கிறார்கள். ஃபுஸேரியம் உடம் என்னும் பெயர் மாத்திரம் இன்றும் வழங்குகிறது. நமது சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவனும் அவருடைய மாணாக்கர்களும் பருத்தி வாடலையும் மண்ணில் வாழும் ஃபுஸேரியங்களையும் பல வருஷங்கள் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்கள். இப்பொழுது வித்தின் வடிவத்தோடு மரபணுவையும் ஒப்பிட்டு இனத்தை நிச்சயிக்கிறார்கள். கருவிகள் எவ்வளவோ மாறியிருக்கின்றன. ஆயினும் ஒரு பூசணம் இந்நாட்டில் புதிதாகக் காணப்பட்டது என்று சொல்லுமுன் அதைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். முன்பு பதிவானவற்றோடு ஒப்பிட வேண்டும். அது பயிரைக் கொல்கிறது என்று சொல்லுமுன் செடிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறவில்லை.

நமது வாலிபர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வெளிநாட்டில் எழுதப்பட்டது என்பதற்காக ஒன்றை வேதவாக்காகக் கொள்வது அடிமைப் புத்தி. வெளிநாட்டான் எழுதினான் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடுவதும் அறிவுடைமை ஆகாது. ஸ்மித்தின் புகழைக் கண்டு பட்லர் அஞ்சவில்லை. பீகாரின் மண்ணையும் பீகாரின் செடியையும் சாக்ஷியாகக் கூப்பிட்டு விசாரித்தார். சம்பளம் கொடுத்தவன் யார் என்று பார்த்து நாமும் அவருடைய உழைப்பைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. தேசத் தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்கள் சிலர் மேடையை விட்டு இறங்கி, தங்கள் ஜில்லாவின் வயல் மண்ணில் என்ன வாழ்கிறது என்று பார்க்கத் தொடங்கட்டும். விவசாயக் கலாசாலைகள் அவர்களுக்கு இடம் கொடுக்கட்டும். அவர்கள் கண்டறிவது ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றுவிடாமல் குடியானவனுடைய வயல்வரையில் போய்ச் சேரும்படி அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.